செம்மேட்டில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காது

கொல்லிமலைக்குப் பணி ஆணை வந்துவிட்டதா? அடிவாரத்துக் காரவள்ளியில் பேருந்து ஏறும்முன் ஒரு சிப்ஸ் பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிக்க வேண்டாம். 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து செம்மேட்டில் இறங்கும்போது அது வாங்கியதைவிட விறைப்பாக உப்பியிருக்கும். காதும் வழியில் ஓரிரு முறை அடைத்துத் திறந்திருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது காலி தண்ணீர் பாட்டிலை மேலேயே இறுக மூடி எடுத்துச் செல்லுங்கள். அடிவாரத்தில் அதன் வயிறு ஒட்டிப்போயிருக்கும். எட்டாம் வகுப்பின் 'விசையும் அழுத்தமும்' பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை எந்த ஆய்வகமும் தராது. உங்கள் மாணவர்கள் அதே பேருந்தில் எத்தனையோ முறை போய்வந்தவர்கள். பொட்டலம் உப்புவதைப் பார்த்திருப்பார்கள். ஏன் என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அதைக் கேட்பதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

மலைப் பள்ளியில் புதிதாகச் சேரும் அறிவியல் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். ஒரே விஷயத்தைத்தான் வற்புறுத்தப் போகிறேன். பரிசோதனை செய்து காட்டுவது பெரிய வித்தை இல்லை. பொருள் இருந்தால் யாரும் செய்துவிடலாம். அதற்கு முன்னால் பிள்ளைகளை ஓர் ஊகத்தில் நிறுத்துவதும், எதிர்பார்த்த விடை வராதபோது பதறாமல் அதையே பாடமாக்குவதும்தான் இந்தத் தொழிலின் கைத்திறன். அதைப் பழக கொல்லிமலை தோதான இடம். புத்தகத்து விடைகள் சில இங்கே வரவே வராது.

முதலில் ஊகம், பிறகு அடுப்பு

தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும் என்று வகுப்பில் கேளுங்கள். நூறு என்று ஒரே குரலாகச் சொல்வார்கள். அதை நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போடச் சொல்லுங்கள். அப்புறம் அடுப்பை மூட்டுங்கள். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலே இருக்கும் ஊரில் வெப்பநிலைமானி 96, 97-ஐத் தொட்டு நின்றுவிடும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும், மானி மட்டும் அசையாது. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலை இறங்குவதுதான் காரணம்.

"சார், தப்பா வந்திருச்சு" என்று ஒரு குரல் வரும். ஆசிரியர்கள் இரண்டு வகையாகப் பிரிவது இந்த இடத்தில்தான். "தெர்மாமீட்டர் சரியில்ல, நூறுன்னே எழுதிக்கங்க" என்பார் ஒருவர். அந்த ஒரு வாக்கியம் ஓர் ஆண்டு உழைப்பைக் காலி செய்துவிடும்; கண்ணால் கண்டதைவிட அச்சில் இருப்பதே உண்மை என்று நாற்பது பிள்ளைகள் அன்று கற்றுக்கொள்வார்கள். இன்னொருவர், "மானி தப்பா, தண்ணி தப்பா, புத்தகம் தப்பா? எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" என்று திருப்பிக் கேட்பார். அறிவியல் வகுப்பு அதிலிருந்துதான் தொடங்குகிறது.

மானியைச் சோதிக்க ஐஸ் போதும். குளிர்பானக் கடையில் வாங்கிப் பொடித்து, உருகிக்கொண்டிருக்கும்போது மானியை உள்ளே வையுங்கள். பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் மானி ஓரளவு யோக்கியமானது. தண்ணீர்மேல் சந்தேகமா? கிணற்று நீர், மழைநீர், உப்புக் கரைத்த நீர் என்று மாற்றிப் பார்க்கலாம். உப்பு நீரில் கொதிநிலை ஏறுமே தவிர இறங்காது. ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது காற்றுதான். சிப்ஸ் பொட்டலத்தை மேசைமேல் வைக்க வேண்டிய நேரம் அது. மலைமேல் பருப்பு வேக ஏன் நேரமாகிறது, குக்கர் எப்படிச் சமாளிக்கிறது என்பது வரை பேச்சு தானாக ஓடும்.

காய்ச்சல் பார்க்கும் மானியைக் கொதிநீரில் வைத்தால் உடைந்துவிடும்; 110 டிகிரி வரை காட்டும் ஆய்வக மானி வேண்டும். அதன் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. அடுப்பும் கொதிநீரும் உங்கள் கையில் இருக்கட்டும், அளவு எடுப்பது அவர்கள் கையில்.

ஊகி, பார், விளக்கு என்ற இந்த வரிசையை ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டோன் என்ற ஆஸ்திரேலியக் கல்வியாளர்கள் இருவர் 1992-இல் வெளிவந்த தங்கள் நூலில் விரிவாக எழுதினார்கள். பெயர்களை மறந்தாலும் பரவாயில்லை, வரிசையை மாற்றாதீர்கள். ஊகத்தை எழுதாமல் தொடங்கும் பரிசோதனை வேடிக்கையாகத்தான் முடியும். தெர்மாகோல் எரிமலையில் சோடா உப்பையும் வினிகரையும் ஊற்றி நுரை பொங்கவிட்டுப் பரிசு வாங்கும் கண்காட்சிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். எரிமலைக்கும் அந்த நுரைக்கும் என்ன சம்பந்தம் என்று நடுவர்களும் கேட்பதில்லை.

கொதிநிலை வகுப்பு நன்றாகப் போனால் ஒரு படி மேலே ஏறலாம். கண்ணாடி பாட்டில் ஒன்று, அதற்கு இறுகப் பொருந்தும் ரப்பர் மூடி, மருந்துக் கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் ஏற்றும் புதிய குழாய் கொஞ்சம். மூடியில் துளையிட்டுக் குழாயைச் செருகி, வெளியே தொங்கும் பகுதியை 'ப'வைப்போல் வளைத்து, அதில் வண்ண நீர் ஊற்றுங்கள். பாட்டிலுக்குள் அடைபட்ட காற்றின் அழுத்தம் மாறாது. மேட்டுக்கு ஏறினால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, திறந்த பக்கத்தில் நீர்மட்டம் உயரும். 10 மீட்டர் ஏறினால் இருபக்க மட்டங்களின் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். சமவெளிப் பள்ளியில் மொட்டைமாடிக்கு ஏறினால் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான் தெரியும். உங்கள் ஊரிலோ பள்ளி வாசலிலிருந்து மேட்டுத் தெருவுக்குப் போனாலே கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்.

ஆனால் முதல் தடவை இது சொதப்பும். பாட்டிலைக் கையில் பிடித்தால் கைச்சூட்டில் உள்காற்று விரியும். ஒரு டிகிரி சூடு ஏறினாலே நீர்மட்டம் மூன்று சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்துவிடும். மலை ஏறியதன் விளைவு அதில் மறைந்துபோகும். முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவும் வெவ்வேறு எண்ணோடு திரும்பி வந்து சண்டை போடட்டும். வெயிலில் நடந்த குழு எது, நிழலில் நடந்தது எது, பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தது யார் என்று விசாரித்தால் காரணம் அவர்கள் வாயிலிருந்தே வரும். பிறகு தண்ணீர் வாளிக்குள் பாட்டிலை அமிழ்த்தித் தூக்கிக்கொண்டு போய் மறுபடி அளக்கலாம்.

ஆண்டு முழுக்க ஒரு குச்சி

செலவே இல்லாத வேலை ஒன்று. ஒரு மீட்டர் நீளக் குச்சியை விளையாட்டுத் திடலில் செங்குத்தாக நடுங்கள். கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நிமிர்வைச் சரிபாருங்கள். வாரம் ஒருமுறை பகல் 12 மணியிலிருந்து 12.35 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலை அளந்து, ஆகக் குறுகிய நிழலையும் அது விழும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி திறக்கும் ஜூனில் உச்சி நிழல் தெற்கே விழும். மாதக் கடைசியில் 21 சென்டிமீட்டர் இருக்கும். உச்சிவேளையில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும் என்பதைப் பெரியவர்களே நம்பமாட்டார்கள். டிசம்பர் பிற்பாதியில் அதே நிழல் வடக்கே 69 சென்டிமீட்டருக்கு நீளும். நடுவே ஒரு நாள் நிழல் காலடியிலேயே சுருண்டுவிடும். கொல்லிமலை ஏறக்குறைய 11.3 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் 19, 20 வாக்கிலும் ஆகஸ்ட் 23, 24 வாக்கிலும் இது நடக்கும். ஏப்ரலில் எல்லார் கவனமும் ஆண்டுத் தேர்வில் இருக்கும் என்பதால் நமக்கு ஆகஸ்டுதான்.

ஆகஸ்டில் மலைமேல் மேகம் கவிந்துவிட்டால்? கவலை வேண்டாம். ஆகஸ்ட் 10 வாக்கில் தெற்கே ஏழெட்டு சென்டிமீட்டர், செப்டம்பர் 5 வாக்கில் வடக்கே ஏறக்குறைய அதே அளவு. இந்தப் புள்ளிகளை வரைபடத் தாளில் இணைத்தால் கோடு பூஜ்யத்தை வெட்டும் தேதியே நிழலில்லா நாள். கண்ணால் காணாத ஒன்றைக் கணக்கால் பிடித்துவிட்டோம் என்று பிள்ளைகளுக்குப் புரியும்போது, நாள் முழுக்க வெயில் அடித்திருந்தால்கூட இந்தப் பெருமை கிடைத்திருக்காதே என்று தோன்றும். சூரியனை நேராகப் பார்க்கக்கூடாது என்பதை மட்டும் ஒவ்வொரு வாரமும் திரும்பச் சொல்லுங்கள்.

தோட்டத்திலிருந்து மேசைக்கு

கொல்லிமலையில் பாதி ஆய்வகம் வயலில் இருக்கிறது. மாவுச்சத்துச் சோதனைக்கு மருந்துக் கடை அயோடின் டிஞ்சரை நீர்விட்டு இளக்கினால் போதும். குச்சிக்கிழங்கு (மரவள்ளி), பலாக்கொட்டை, சோற்றுக் கஞ்சி, வாழைக்காய், வாழைப்பழம் எல்லாவற்றிலும் சொட்டு விட்டுப் பாருங்கள். காய் கருநீலமாகும், நன்கு பழுத்தது அவ்வளவாக மாறாது. "மாவு எங்கே போச்சு?" என்று கேட்டால் ஒருவன் பழத்தின் இனிப்பைச் சொல்வான். சேகோ ஆலைக்குப் போகும் கசப்பு ரகக் கிழங்கில் சயனைடு உண்டாக்கும் சேர்மம் அதிகம். சோதனைக்கு வெட்டிய எதையும் யாரும் வாயில் வைக்கக்கூடாது.

சாமை இன்னொரு வாய்ப்பு. மரவள்ளி பரவிய பிறகு இங்கே சிறுதானியப் பரப்பு சுருங்கிவிட்டது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்தே இந்த மலையில் விதைகளைக் காப்பதற்கும், குத்தும் இயந்திரங்களைக் கொண்டுவருவதற்கும் உழைத்திருக்கிறது. வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று உள்ளூர் ரகங்கள் பல. கிடைத்ததைக் கொண்டுவரச் சொல்லி, ஈரத் துணியில் நூறு நூறு விதைகளாக வைத்து முளைப்புத் திறனைக் கணக்கிடுங்கள். நூறில் எத்தனை என்றால் அதுவே சதவீதம். கணக்கு ஆசிரியரும் உங்கள் வகுப்புக்கு வந்துவிடுவார்.

இதில் உங்களுக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. விதை பற்றியும் மண் பற்றியும் உங்களைவிட ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதிகம் தெரிந்திருக்கும். இங்குள்ள பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர், தலைமுறை தலைமுறையாக இந்தச் சரிவில் பயிர் வைத்தவர்கள். மிளகு காய்ந்தால் எடை மூன்றில் ஒரு பங்காகிவிடும் என்பது அவர்கள் வீட்டு வரவுசெலவுக் கணக்கு. அதை வாங்கிக்கொள்ளுங்கள். "உங்க தாத்தா சொன்னது சரியான்னு அளந்து பாத்துருவோமா?" என்ற கேள்வியில் தாத்தாவும் சிறுமைப்படுவதில்லை, தராசும் சும்மா இருப்பதில்லை. பச்சை மிளகை நிறுத்து, தினமும் வெயிலில் காயவைத்து நிறுத்துக்கொண்டே வந்தால் எடை எந்த நாளில் நிலைத்து நிற்கிறது என்பது வரைபடத்தில் தெரியும். ஈர மிளகைக் கேட்கும் வியாபாரி ஏன் விலையைக் குறைக்கிறார் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

மண்ணரிப்புக்கு நீளவாக்கில் வெட்டிய இரண்டு பாட்டில்கள் போதும். ஒன்றில் புல்லோடு பெயர்த்த மண், மற்றதில் வெறும் மண். ஒரே சாய்வில் வைத்து ஒரே அளவு நீரூற்றினால், வழிந்து வரும் நீரின் நிறமே பேசும். குச்சிக்கிழங்கு பிடுங்கிய சரிவில் முதல் மழைக்கு என்ன ஆகிறது என்பதை அவர்களே சொல்லட்டும்.

துணைக்கு யார் வருவார்கள்?

தமிழக அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கப்பட்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, 13,210 அரசுப் பள்ளிகள், 710 கருத்தாளர்கள். கருத்தாளர் பொருள்களோடு இருசக்கர வாகனத்தில் பள்ளி பள்ளியாக வருவார். வகுத்துப் பாருங்கள்: ஒருவருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிகள். மலையில் இரண்டு ஊர்களுக்கிடையே பாதை வளைந்து வளைந்து போகும் லட்சணத்தில், அவர் உங்கள் வகுப்பில் நிற்பது மாதத்துக்குச் சில மணி நேரம்கூட இருக்காது. அவர் வரும் நாளை வேடிக்கை நாளாக ஆக்கிவிடாமல், என்ன செய்து காட்டப்போகிறார் என்று முந்தைய வாரமே கேட்டுக்கொண்டு ஊகங்களை எழுதவைத்து, அவர் போன மறுநாள் விவாதத்தை முடிப்பது உங்கள் பொறுப்பு. அவருக்கும் இது உதவி. பல கருத்தாளர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் அறிமுகத்திலேயே பாதி நேரத்தை இழக்கிறார்கள்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் 1987 முதல் வருகிறது. பழைய இதழ்கள் கிடைத்தால் விடாதீர்கள். தீக்குச்சியும் சைக்கிள் வால்வு ட்யூபும் கொண்டு வடிவியல் கற்பித்த அரவிந்த் குப்தாவின் செய்முறைகள் தமிழிலும் உண்டு. 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கான தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-இல் தொடங்கியது. உள்ளூர்ப் பிரச்சினையை அளந்து ஆராயும் வேலைக்கே அங்கு மதிப்பு. மேலே சொன்ன மண்ணரிப்பையோ சாமை முளைப்பையோ ஒரு பருவம் முழுக்கச் செய்தால் அதற்குப் போதுமான ஆய்வு கைக்கு வந்துவிடும்.

இந்த வழியில் நம் நாட்டின் பெரிய முயற்சி மத்தியப் பிரதேசத்தில் நடந்தது. 1972-இல் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் கிஷோர் பாரதி, பிரண்ட்ஸ் ரூரல் சென்டர் என்ற இரண்டு அமைப்புகள் 16 கிராமப் பள்ளிகளில் அதைத் தொடங்கின. 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவியது. 1982-இல் உருவான ஏகலவ்யா அதைத் தொடர்ந்தது. பரிசோதனையைச் செய்து விடையைப் பிள்ளைகளே எழுதும் பணிப்புத்தகம், பள்ளிக்கொரு பெட்டி, மாதந்தோறும் ஆசிரியர் கூட்டம். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அவர்கள் தேர்வையும் மாற்றியதுதான். புத்தகத்தைத் திறந்து வைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. 2002-இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது. முப்பது ஆண்டுகள் ஓடியதற்குப் பெட்டியைவிட அந்த மாதக் கூட்டமே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. உங்கள் குறுவள மையக் கூட்டத்தில் பதிவேடு பேச்சு முடிந்ததும் அரை மணி நேரம் பிடியுங்கள். "இந்த மாசம் எனக்கு வராத பரிசோதனை" என்று ஒருவர் தொடங்கினால் போதும்.

போர்ஷனும் மதிப்பெண்ணும்

"இதெல்லாம் செஞ்சா போர்ஷன் எப்ப முடிக்கிறது?" என்று தலைமையாசிரியர் கேட்பார். நியாயமான கேள்வி, எல்லாப் பாடத்தையும் செயல்வழியில் நடத்த முடியாது. பருவத்துக்கு நான்கைந்து ஆழமான செயல்பாடு போதும், மீதியைப் புத்தகத்தோடு வேகமாக நகர்த்தலாம். எட்டாம் வகுப்பு வரை வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், அதில் செயல்பாட்டுக்கு மட்டும் 20. இதைப் பலர் ஆண்டுக் கடைசியில் சார்ட் ஒட்டச் சொல்லி நிரப்புகிறார்கள். ஊகம், அளவு, காரணம் மூன்றும் உள்ள நோட்டுப் பக்கத்துக்கே அந்த மதிப்பெண்ணைக் கொடுங்கள். ஊகம் தவறாகப் போனதற்காக ஒரு மதிப்பெண்கூடக் குறைக்காதீர்கள். குறைத்தால் அடுத்த முறை யாரும் உண்மையான ஊகத்தை எழுதமாட்டார்கள். பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண் இருப்பதைத் தலைமையாசிரியரிடம் நினைவூட்டுவதும் பயன் தரும்.

இரண்டு பாடவேளையைச் சேர்த்து வாங்கப் பாருங்கள். ஒரே பாடவேளைதான் என்றால் ஊகத்துக்குப் பத்து நிமிடம், செய்வதற்குப் பதினைந்து, மீதி முழுக்கப் பேச்சுக்கு. நேரம் போதாவிட்டால் பரிசோதனையைச் சுருக்குங்கள், பேச்சைச் சுருக்காதீர்கள்.

குழுவுக்கு நான்கு பேருக்கு மேல் வேண்டாம். கவனிக்காமல் விட்டால் ஒரு பையன் பொருளைப் பிடுங்கிக்கொள்வான், ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பாள், இரண்டு பேர் ஜன்னலைப் பார்ப்பார்கள். வேலையை வாரந்தோறும் சுழற்றுங்கள். எழுதுகிறவர் அடுத்த வாரம் அளக்க வேண்டும். உண்டு உறைவிடப் பள்ளியாக இருந்தால் உங்களுக்கு ஒரு கூடுதல் வசதி: பிள்ளைகள் மாலையிலும் அங்கேயே இருப்பார்கள். மிளகு நிறுப்பது, விதை பார்ப்பது, இரவு வானம் பார்ப்பதெல்லாம் அந்த நேரத்துக்கு.

இந்த வேலைக்கு வருவது எப்படி?

அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலை அறிவியல் பட்டம், பி.எட்., ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள், அதன்மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத் துறையின்கீழ் வருகின்றன. விண்ணப்பிக்கும்போது துறை எது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தாளர் வேலை நிரந்தரமானதல்ல. ஆனால் இருபது பள்ளிகளின் வகுப்பறைகளைப் பார்த்துவிட்டு ஆசிரியராகப் போகிறவருக்கும், பயிற்சிக் கல்லூரியிலிருந்து நேராகப் போகிறவருக்கும் உள்ள வித்தியாசம் முதல் மாதத்திலேயே தெரிந்துவிடும். தனியார் பள்ளியிலோ தொண்டு நிறுவனத்திலோ மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னால் பளபளப்பான கருவியைத் தேடி அலையாதீர்கள். ஒரு பாட்டிலோடு போய், பத்து நிமிடத்தில் மூன்று முறை "என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாருங்கள்.

மலையில் பணியாற்றுவோரில் பலர் சில ஆண்டுகளில் மாறுதல் கலந்தாய்வில் இறங்கிவிடுவார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போகும்முன் ஒரு நோட்டை அடுத்தவருக்கு விட்டுச் செல்லுங்கள். உங்கள் பள்ளியில் தண்ணீர் கொதிக்கும் டிகிரி, மாதவாரியாகக் குச்சியின் நிழல் நீளம், அயோடினும் குழாயும் எந்தக் கடையில் கிடைக்கும், எந்த வீட்டில் எந்தச் சாமை விதை இருக்கிறது, எந்தப் பரிசோதனை எத்தனை முறை சொதப்பியது, ஏன். பீரோ சாவியையும் மறக்காமல் கொடுங்கள். பல பள்ளிகளில் அறிவியல் பெட்டி திறக்கப்படாமல் கிடப்பதற்குச் சாவி காணாமல் போனதுதான் காரணம்.